ஒட்டு காயும்வரை

நாக்கால் மேலுதட்டை நனைத்துக்கொண்டு, பட்டத்தின் வால்வுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், மூச்சை அடக்கிக் காத்திருக்கிறாள் இமெல்டா அக்கா. வெளியே கற்பிட்டிக் கடற்கரைக் காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்க்கிறது. அதனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் இந்த வேலை. ஈர உதட்டில் நூலளவு குளிர்ச்சி பட்டால் போதும்.

"ஒழுகுது, மூதேவி."

திட்டு பட்டத்துக்கா, அதைக் கொண்டுவந்தவனுக்கா என்று யாரும் கேட்பதில்லை.

பலகைமேல் நிற்கிற ஆளைக் கடலில் இழுத்துக்கொண்டு பறக்கிற பெரிய பட்டங்கள் இவை. முன்விளிம்பின் துணி உறைக்குள் ஒரு நீள டியூப் இருக்கும். அதில் காற்று நின்றால்தான் பட்டம் விறைப்பாக நிற்கும். வெயிலில் பசை இளகி வால்வு டியூபை விட்டுக் கழன்றுவிடும். மணல் புகுந்தாலும் ஒழுகும். எங்கள் பட்டப்பள்ளியில் இதற்கெல்லாம் அக்கா ஒருத்திதான். அதே கொட்டகையின் மறுகோடியில் மிதவைச் சட்டைகளை அலசிக் காயப்போடுவது என் வேலை. அவள் பேச்சு எல்லாம் என் காதில்தான் விழும்.

டியூப் உறைக்குள் வழுக்கிப் போக அதன் மேல் குழந்தைப் பவுடர் தூவுவாள். எந்நேரமும் முழங்கைவரை வெள்ளை. பிறந்த பிள்ளையின் வாசனை. வாயைத் திறந்தால்தான் வேறு மாதிரி. "கூரை மாதிரி விறைக்க விறைக்கக் காத்தடிச்சு, கொதிக்கிற மணல்ல போட்டுட்டு, பீர் குடிக்கப் போயிடுறான். வெடிக்காம என்ன செய்யும்?" டியூபை உருவுமுன் அதன் இரு நுனியிலும் கயிறு கட்ட வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் திரும்ப உள்ளே இழுக்க முடியும். கட்டாமல் உருவிக்கொண்டு வந்த ஒரு பெரிய ஆளை, "உன் குடலையும் இப்படித்தான் உருவுவியாடா?" என்று செருப்போடு கரைவரை துரத்தியிருக்கிறாள்.

பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புது வால்வை ஒட்டி, மேலே ஒரு பலகை. பலகைமேல் அவள் வீட்டு அம்மிக்குழவி. மறுநாள் காலைவரை அதை யாரும் தொடக்கூடாது. ஒட்டிய கொஞ்ச நேரத்தில் பிடித்ததுபோலத்தான் இருக்கும். உள்ளே காற்றை நிரப்பி வெயிலில் விட்டால்தான் தெரியும்.

போன மாதம் அது தெரிந்தது. காற்று நன்றாக எழும்பிய ஒரு மத்தியானம், அக்கா சாப்பிடப் போன நேரத்தில், பள்ளியை நடத்தும் டெரன்ஸ் குழவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பச்சைப் பட்டத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டான். எடுத்துக்கொண்டு போனவன் லசந்த, அக்காவின் தங்கை மகன், பள்ளியில் பழக்கிக் கொடுப்பவன். களப்புத் தண்ணீர் கடலோடு சேரும் வாயருகே வால்வு கழன்றது. பட்டம் ஈரத்துணியாகத் தண்ணீரில் விழுந்தது. நீரோட்டம் அவனை வெளிக்கடலுக்கு இழுத்துப்போனது. அந்தி சாயும் நேரத்தில் ஒரு மீன்பிடிப் படகு அவனைக் கொண்டுவந்து போட்டது. கண் திறக்க முடியவில்லை. உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது.

"இமெல்டா அக்காட ஒட்டு சரியில்ல," என்றான் டெரன்ஸ், எல்லார் முன்னாலும். குழவியைத் தூக்கியது யார் என்று அந்த எல்லாருக்கும் தெரியும்.

இன்றைக்கு அதே பச்சைப் பட்டம் திரும்பவும் ஒழுகி வந்தது. காலையில் வால்வு மாற்றி, கொட்டகைத் தரையில் டியூபை விரித்து, பலகையும் குழவியும் வைத்தாள். மத்தியானம் காற்று எழும்பியது. டெரன்ஸ் வந்தான்.

"அக்கா, பச்சை முடிஞ்சுதா?"

"நாளைக்குக் காலையில."

"ஆளுங்க வந்து நிக்கிறாங்க அக்கா. நாளைக்கு இந்தக் காத்து இருக்குமோ என்னமோ."

"இல்லாட்டி நீ முதுகுல தூக்கிட்டு ஓடு."

மிதவைச் சட்டை எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். டெரன்ஸ் சிரிக்கவில்லை.

"ஒட்டிடுச்சு. தொட்டுப் பாத்தேன்."

"யாரைக் கேட்டுத் தொட்டே?"

"களப்புக்குள்ளதான் விடப்போறாங்க. லசந்ததான் கூடப் போறான்."

பவுடர் கையோடு அக்கா எழுந்து நின்றாள்.

"லசந்தவா?"

"அவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான். அன்னைக்கு உங்க ஒட்டு மட்டும் கொஞ்சம்..."

"என் ஒட்டா? கல்லைத் தூக்கின கை யாரோடதுடா?"

அவனை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவன் காது சிவந்தது.

"இது என் பள்ளி. என் பட்டம். உங்களால முடியாட்டி சொல்லுங்க, நீர்கொழும்புல ஆள் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே குனிந்து, இரண்டு கையாலும் குழவியைத் தூக்கினான்.

அக்கா தடுக்கவில்லை. அவன் நிமிரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, குழவி இருந்த இடத்தில், பலகைமேல், அவனுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சோற்றுப் பார்சலை எட்டி எடுத்து மடியில் பிரித்தாள். குழவியைக் கையில் ஏந்தியபடி டெரன்ஸ் நின்றான். அவள் மீன் துண்டைப் பிட்டு, ஒவ்வொரு முள்ளாகப் பார்த்துப் பார்த்து, மெதுவாக எடுத்து வைக்கத் தொடங்கினாள்.