கடை மூடியவர்களைத் தேடிப் புதுச்சேரியில்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சேலத்தில் பேருந்து ஏறினோம், மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, நானும் என் மனைவி மாலதியும். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி ஏறத்தாழ இருநூற்றிருபது கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு இருநூற்றுப் பத்து ரூபாய். புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். மனைவியோடு போகிறேன் என்றதும் சிரிப்பு அடங்கிப் பரிதாபப்பட்டார்கள்.

அவர்களிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஒரு 'வேண்டாம்' வாங்கி வரத்தான் நான் புறப்பட்டேன். மாலதி தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். அந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில், பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் இடம் ஒன்று நடத்தப் போகிறேன் என்கிறாள். டிபன், வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் அங்கேயே. ராஜினாமா கொடுக்க வேண்டிய நாள் வருகிற திங்கள்கிழமை. நானோ கூட்டுறவு வங்கியில் எழுத்தர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதைத் தவிர வேறு எந்தத் தத்துவமும் தெரியாதவன். இரண்டு மாதம் வாய்ச்சண்டை போட்டுக் களைத்த பிறகு, பிலோமினா அக்காவைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு செய்வது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

பிலோமினா, மாலதிக்குத் திருச்சி கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் மூத்தவர். புதுச்சேரிக்காரர். இதுவரை ஆறு தொழில் தொடங்கியிருக்கிறார். நான்கு மூடியாகிவிட்டது, இரண்டு ஓடுகிறது. இத்தனை அடி பட்டவர் நிச்சயம் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

வில்லியனூர், மூலக்குளம், அக்கா வீடு இருக்கும் ரெட்டியார்பாளையம் என்று பலகைகள் வரிசையாக வந்து போயின. நான் பலகை படிப்பதில் மும்முரமாக இருந்தேனே தவிர இறங்கவில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கி நடத்துநரிடம் ரெட்டியார்பாளையத்துக்கு வழி கேட்டேன்.

"தாண்டி வந்துட்டோமே சார். ஏறினப்பவே சொல்லியிருந்தா வாசல்லயே எறக்கி விட்டிருப்பேன்" என்றார்.

வந்த வழியிலேயே நாலு கிலோமீட்டர் திரும்பிப் போக ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். மாலதி அதைத் தானே எண்ணிக் கொடுத்தாள், அதுதான் உறுத்தியது.

பிலோமினா அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். குட்டையான, கனத்த உருவம். காட்டன் நைட்டி மேல் துண்டு. என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள. முகத்தப் பாத்தா பொண்ணக் கூட்டிகிட்டுப் போக வந்தவரு மாரி இல்லியே, ஆஸ்பத்திரில சேக்க வந்தவரு மாரி இருக்குது" என்றார். பிறகு குசினிக்குள் போய்விட்டார். அந்த ஊர் வீடுகளில் சமையலறைக்கு அதுதான் பெயர். வஞ்சிர மீன் குழம்பும் சோறும் வந்தன. சாப்பிடும்போது அவர் நான்கு தடவை எழுந்து போய்த் தொலைபேசியில் பேசினார். ஒரு கவளத்தை முழுதாக மென்று முடித்து நான் பார்க்கவில்லை.

எப்படி இத்தனை யோசனை வருகிறது என்று கேட்டேன். ஏதாவது ரகசியம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"யோசனையா? நான் எங்க யோசிச்சேன்" என்றார். "மொதல்ல பிளவுஸ் தைக்கிற கட வெச்சேன். பிரான்ஸ்லேந்து லீவுக்கு வர்ற மதாமுங்க அளவு குடுக்க வருவாங்க. வந்து உக்காந்தா ஒரே பொலம்பல். பூட்டிப் போட்ட வீட்ல கரையான், மோட்டார் ஓடல, கொழாய் ஒழுவுது. தையல விட்டுட்டு அவங்க சாவிய வாங்கிகிட்டேன். வீட்டப் பாத்துக்குற வேல. அது நல்லா ஓடுச்சி. ஆனா ஜூலை, ஆகஸ்டு வந்தா வீட்டுக்காரங்க எல்லாரும் ஊருக்கு வந்துடுவாங்க, எனக்கு வேல இருக்காது. வந்தவங்க சமைக்க ஆள் இல்ல, வண்டி இல்லன்னு பொலம்புனாங்க. சரி, அதயும் நானே பண்றேன்னு எறங்கிட்டேன்."

இந்த இரண்டும்தான் இன்றும் ஓடுகின்றன. சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு கடையின் வாடிக்கையாளர் புலம்பல்தான் அவருக்கு அடுத்த கடை. புலம்புகிறவரை அவர் நடுவில் நிறுத்துவதேயில்லை. என் கவுன்டரிலும் நாள் முழுக்கப் புலம்புகிறார்கள். நான் இருபத்தாறு வருடமாக "அடுத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாலதி தன் விஷயத்தைச் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் பண்ணுன்னும் சொல்ல மாட்டேன், பண்ணாதன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. "எனக்கு ஒரு வழக்கம் இருக்குது. எந்தத் தொழில் தொடங்கினாலும், அதச் செஞ்சி மூடினவங்களப் போயி மொதல்ல பாப்பேன். ஓடுற கடக்காரரு கிட்ட கேட்டா பெரும பேசுவாரு. மூடினவரு கிட்ட யாரும் எதுவும் கேக்குறதில்ல. போயி கேட்டா உக்கார வெச்சி காப்பி குடுத்து உள்ளதச் சொல்லுவாரு. மூலக்குளத்துல உன் மாரியே ஒரு பொண்ணு நடத்தி மூடியிருக்குது. நாளைக்கி சாயந்திரம் போவலாம்."

நானும் மனத்துக்குள், போவோம், நன்றாகப் போவோம் என்று சொல்லிக்கொண்டேன். மூடியவர்களைப் பார்த்தபிறகு யாருக்குத் திறக்கத் தோன்றும்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவின் காரில் ஊருக்குள் போனோம். கால்வாயைத் தாண்டியதும் தெருக்கள் கோடு போட்டது போல் நேராகிவிடுகின்றன. மஞ்சள் சுவர்களின் முன்னே பெங்களூர்ப் பிள்ளைகள் விதவிதமாகச் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காகிதப்பூக் கொடிகளுக்கு அடியில் நிற்க வரிசையே இருந்தது. நாமும் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று மாலதி சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ அக்காவின் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இறங்கிக் கிடந்த ஷட்டர் முன்னே அக்கா நின்றார். "இது என்னோடது" என்று கோயிலைக் காட்டுவது போலக் காட்டினார். வெளியூர்க்காரர்கள் பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, இரவுப் பேருந்து வரைக்கும் வெயிலில் பையோடு அலைவார்கள். கடைகளும் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அவர்களுக்காகப் பை வைக்க இடம், குளிக்க வெந்நீர், படுக்க நாலு கட்டில். முதல் வருடம் நல்ல கூட்டம். பிறகு விடுதிக்காரர்களே பையை இலவசமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

"வருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் அழுதேன். யோசன நல்லாருந்துச்சி மாப்ள, அதனாலதான் எல்லாரும் எடுத்துகிட்டாங்க" என்றார். அவர் தொழில்களைக் காதலிப்பதில்லை. மூட வேண்டிய நாளில் மூடிவிடுகிறார். இது துணிச்சலா, கல்மனமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு தெரு தள்ளி மிசே அந்துவான் வீடு. அந்த ஊரில் ஐயா என்பதற்கு மிசே. பிரான்சில் முப்பது வருடம் வேலை பார்த்துத் திரும்பி, அந்த ஊர் நீள ரொட்டிக்குக் கடை போட்டு மூடியவர். எழுபது வயதிருக்கும், சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. சனி, ஞாயிறில்தான் ஊருக்குக் கூட்டம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் கடையைத் திறக்கவேயில்லையாம். மற்ற நாளிலும் மதியம் மூன்று மணி நேரம் மூடிவிடுவாராம்.

"ஞாயித்துக்கெழம பூச இருக்குது, அப்புறம் வீட்ல எல்லாரும் உக்காந்து சாப்புடணும். அன்னைக்கிப் போயி கட தொறக்குறதா?" என்று என்னையே கேட்டார். "கட போச்சி. பரவால்ல. மத்தியானத் தூக்கம் போவல." அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மதியம் ஊரோடு சேர்ந்து நாங்களும் வீட்டுக்குத் திரும்பினோம். மாலதி உள்ளே படுத்துவிட்டாள். நான் அக்காவிடம் மனத்தில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். நாலு தடவை விழுந்தும் பயமே வரவில்லையா என்று.

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா சொல்தா, மாப்ள. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. நான் கட போட்ட காலத்துலல்லாம் அப்பா இருந்தாரு. மாசம் பொறந்தா அவருக்குப் பென்ஷன் வந்துடும். கட மூடினாலும் அடுப்பு எரியும்னு தெரியும், அதனால விழுந்தேன். தைரியம் தைரியம்னு என்னப் பத்தி பேசுறவங்க யாரும் எங்கப்பாவப் பத்தி பேசுறதில்ல."

எனக்கு உள்ளுக்குள் வெற்றிக் களிப்பு. பார்த்தாயா, இதில் குணமும் இல்லை, வித்தையும் இல்லை, பென்ஷன்தான் என்று மாலதியிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்துகூட விட்டேன். இரண்டடி வைத்தபோதுதான், எங்கள் வீட்டில் அந்தப் பென்ஷன் யார் என்பது உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூலக்குளம். புதிதாகக் கட்டிய மாடி வீடு. மாலதி தொடங்க நினைக்கும் அதே தொழிலை நடத்தி மூடிய கலாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அக்கா சொன்னபடியே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"பிள்ளைங்க நெறய வந்தாங்க. அதுல கொறையே இல்ல" என்றார் கலா. "பெத்தவங்கதான் நேரத்துக்கு வர மாட்டாங்க. ஏழரைன்னு சொல்லுவாங்க, எட்டரை ஆவும், ஒம்போது ஆவும். பிள்ள பயப்படுதேன்னு நான் அதோட வாச கேட்டுலயே நிப்பேன். உள்ள எம்பையன் சாப்பிடாம உக்காந்திருப்பான். ஒரு நாளு அவன் என்ன 'மிஸ்'சுன்னு கூப்ட்டான். வெளையாட்டுக்குக் கூப்புடல. அவனுக்கே தெரியாம வந்துச்சி. அந்த மாசத்தோட மூடிட்டேன்."

நான் வாங்க வந்த 'வேண்டாம்' இதோ, காசில்லாமல் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தபோது அதை எடுத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

காற்று வாங்குவது போல வெளியே வந்தேன். கலாவின் கணவர் வேலை முடிந்து அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராம். நல்ல மனிதர், எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நான் ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல சார்" என்றார். "அது அவங்க தொழிலு. நான் தலையிட மாட்டேன். சத்தமா இருந்தா மாடிக்குப் போயி டிவி பாத்துகிட்டு இருப்பேன். தொந்தரவே குடுத்ததில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். தடுக்காத கணவன் என்பது எங்களைப் போன்றவர்களிடம் பெரிய பட்டம். கீழே கேட்டில் ஒருத்தி ஒன்பது மணிவரை நின்றிருக்கிறாள், உள்ளே பிள்ளை பசியோடு இருந்திருக்கிறான், மேலே இவர் தலையிடாமல் இருந்திருக்கிறார். இதில் தன் பங்கு ஏதாவது உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சண்டையில் நான் தோற்றிருந்தால், நானும் அச்சு அசலாக இதையேதான் செய்திருப்பேன். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறியிருப்பேன்.

உள்ளே போனபோது மாலதி கலாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "பிள்ளைங்க உக்காந்த சின்ன நாற்காலியெல்லாம் என்ன பண்ணீங்க?"

பிலோமினா அக்கா என் பக்கம் சாய்ந்து, "முடிஞ்சிது மாப்ள" என்றார். "ஏன் மூடுனீங்கன்னே திரும்பத் திரும்பக் கேட்டா பயந்துட்டாங்கன்னு அர்த்தம். நாற்காலியக் கேட்டா, ஆரம்பிச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

நாற்காலிகள் பரணில் இருந்தன. பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது, எடுத்துட்டுப் போங்க என்று கலா கொடுத்தார். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பும் நீலமும். மாலதி பணம் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு, இந்தத் தடவை ரெட்டியார்பாளையத்திலேயே பேருந்து ஏறினோம். நடத்துநர் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடணும் சார். பிள்ளைங்க எங்க?" என்றார்.

"இனிமேதான் வரணும்" என்றாள் மாலதி. அவர் எங்கள் இருவர் வயதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுபது ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார்.

விழுப்புரம் தாண்டியதும் அவள்தான் ஆரம்பித்தாள். "அக்கா வேண்டாம்னு சொல்லல. உங்களுக்கு ஏமாத்தம்தானே?"

"ஆமாம்" என்றேன். "பயமாவும் இருக்கு."

"எனக்கும்தான்."

உளுந்தூர்பேட்டையும் தாண்டிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. இவ்வளவு சின்ன வாக்கியத்தைச் சொல்ல இவ்வளவு தூரம் தேவைப்பட்டது. "ஏழரைக்கு மேல கேட்டுல நான் நிக்கறேன். நீ மேல போயி நம்ம பொண்ணோட சாப்பிடு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேட்ச் இருந்தா?"

"இருந்தாலும்."

"ரெண்டு நாள் நின்னுட்டு மூணாம் நாள் கால் வலின்னு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

நம்பினாளா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

புதுச்சேரியில் மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. எங்கள் சேலத்தில் அந்த வழக்கம் கிடையாது. இங்கே கடையும் மனிதரும் காலையிலிருந்து இரவுவரை திறந்தேதான் கிடக்க வேண்டும். இதை எழுதும்போது மணி எட்டேகால். பத்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள். சிவப்பு நாற்காலிகள் இரண்டில் இன்னும் ஆள் இருக்கிறது, அண்ணனும் தங்கையும். அம்மா எப்ப வருவாங்க என்று தங்கை என்னிடம் மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். மாடியில் தட்டுச் சத்தமும், என் மகள் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தமும் கேட்கின்றன. எனக்குக் கால் வலிக்கத்தான் செய்கிறது. தெருமுனையில் வண்டி வெளிச்சம் தெரிகிறது. போய்க் கேட்டைத் திறக்க வேண்டும்.