ஏழுமலையின் இடது கை

ரங்கூனிலிருந்து அகதியாக வந்து, பத்து வருஷமாக மாமல்லபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரங்கூனில் பக்கத்துக் கடைச் சீனர் ஒருவர், உடம்பில் சில இடங்களை விரலால் அழுத்தி வலி போக்கும் வைத்தியத்தை எனக்குக் கற்றுத்தந்தார். உள்ளே ஓடும் உயிர்ச்சக்தி அடைபட்டால்தான் வலி வரும் என்பார். தலைவலி, இடுப்புப் பிடிப்பு என்று வரும் மீனவர்களுக்கு அதைச் செய்துவந்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் மீனவர் ஏழுமலையும் மனைவி கன்னியம்மாவும் பஸ்ஸுக்காகக் கடை வாசலில் நின்றார்கள். அவருக்கு இடது தோளிலிருந்து விரல் வரை வலி. முகமெல்லாம் வேர்வை.

“செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன், அண்ணாத்த” என்றாள் கன்னியம்மா.

“வலை இழுத்த பிடிப்பும்மா. இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?” என்று அவரை உட்காரவைத்தேன்.

முழங்கையிலும் மணிக்கட்டிலும் கால்மணி நேரம் அழுத்தினேன். கை சில்லென்று இருந்தது. கவனித்தும் நான் நிறுத்தவில்லை. பஸ் வந்து போயிற்று.

“இப்போ தேவலாம், அண்ணாத்த. வலியே இல்ல” என்று சிரித்துவிட்டுப் போனார்.

மதியம் கரையில் வலை உலர்த்தும்போது மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவே இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

கன்னியம்மா என்னைத் திட்டவில்லை. “கடசியா அவரு வலியில்லாம சிரிச்சது ஒங்கிட்டதான், அண்ணாத்த” என்று என் கையைப் பிடித்து அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துணி வெட்டும்போதுகூட அந்தச் சில்லிப்பு விரல் நுனியில் தெரிகிறது.

இப்போது யார் கையை நீட்டினாலும், டாக்டரிடம் காட்டியாயிற்றா என்றுதான் முதலில் கேட்கிறேன். இல்லை என்றால், கடையைச் சாத்திவிட்டு நானே கூடப் போகிறேன்.