நான்கு விநாடிப் பரவசம்

அமெரிக்க அதிபர் தேர்தலை நான் வெறுப்பதற்குக் கொள்கை சார்ந்த காரணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். எர்லாங்கனில் ஒரு சின்ன நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டு, சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். என்னை ஒரே வாரத்தில் பொய்யனாகவும் மீசையில்லாதவனாகவும் ஆக்கியது அந்தத் தேர்தல். அதில் எனக்கு ஓட்டுகூட இல்லை.

அந்த ஆண்டு ஜெர்மனிக்கே பித்துப் பிடித்திருந்தது. டிவியைப் போட்டால் அமெரிக்க வேட்பாளர். காலையில் அவர் என்ன டை கட்டினார் என்று ஆராய்ச்சி, மாலையில் அவர் எப்படிப் படியேறினார் என்று பட்டிமன்றம். என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை; எப்படிச் சிரிக்கிறார் என்றுதான் கேட்டார்கள். ரொட்டிக்கடை அம்மாள் மீதிச் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே ஓஹையோ மாநில நிலவரம் சொன்னாள். சாட்டிலைட்டில் தமிழ் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, மொத்தமாக இதற்கு மாறிவிட்டாள். மாறியதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதே வில்லி, அதே தியாகி, அதே பின்னணி இசை, சரியான இடத்தில் ‘தொடரும்.’

அந்த வேட்பாளர் கோடையில் பெர்லினுக்கு வந்து திறந்தவெளியில் பேசப்போவதாக அறிவித்தார்கள்.

“அவர் வரார். நாம போறோம்,” என்றாள்.

“யாரு, உங்க அண்ணனா?”

“வாயை மூடிட்டு லீவ் போடுங்க.”

லீவ் கிடைக்கவில்லை. எங்கள் பிரிவின் தலைவி என்னைவிடப் பத்து வயது இளையவர். ஏழு ஆண்டுகளாக என் நகைச்சுவை எதற்கும் சிரிக்காமல் தாக்குப்பிடித்தவர். மாத இறுதிக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், அதுவரை யாருக்கும் விடுமுறை இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் வியாழக்கிழமை காலை ஃபோன் செய்து, வயிறு சரியில்லை, இரண்டு நாளாகும் என்றேன். எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் நாளிலிருந்துதான் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அதுவரை வாய்ச்சொல் போதும். மனிதன்மேல் இந்த நாடு வைத்திருக்கும் நம்பிக்கை அது. நான் அதில் ஏறி பெர்லினுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் கூட்டத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கையில் பிரியாணிப் பொட்டலமாவது கொடுப்பார்கள். இங்கே நானே ரயில் டிக்கெட் வாங்கி, நானே சாசேஜ் வாங்கி, பையை நானே திறந்து காவல்காரரிடம் காட்டி, மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். முதலில் பாட்டுக் கச்சேரி. பிறகு இன்னொரு பாட்டுக் கச்சேரி. தோளில் குழந்தைகள், கையில் பீர். அந்தப் பெருங்கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவும் உரிமையில்லை, தோற்கடிக்கவும் உரிமையில்லை. சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளை என்று ஒன்று உண்டு.

கடைசியில் அவர் வந்தார். கூட்டம் கத்தியது. அதே நேரத்தில், என் எலுமிச்சைச் சாற்றையே சுற்றிக்கொண்டிருந்த குளவி ஒன்று சட்டைக் கைக்குள் புகுந்து அக்குளில் கொட்டியது. இரண்டு கைகளையும் தூக்கி, மூக்குக்கண்ணாடி பறக்க, வாயை அகலத் திறந்து “அம்மா” என்று அலறி, எம்பி எம்பிக் குதித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“பாத்தீங்களா, உங்களுக்கே சிலிர்க்குது!” என்றாள் மனைவி.

அவர் பேசியது எதுவும் எனக்குத் தெரியாது. அரை மணி நேரமும் கையை இறக்க முடியாமல் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் தீவிரத் தொண்டன்.

சனிக்கிழமை, கறிவேப்பிலை வாங்க நியூரன்பெர்க் போனேன். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடை. என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“அண்ணை! உங்களை ரீவியிலை கண்டனான். என்ன துள்ளல்! நீங்கள் அந்தாளின்ரை கட்சியோ?”

“நான் இல்லீங்க. வேற யாராவது இருக்கும்.”

“ஓம் ஓம், நீங்கள் இல்லை. உங்கடை மீசை மட்டும் தனியாப் போய் வந்தது. மனுசிதான் முதல் கண்டவ. நேற்று மூண்டு தரம் போட்டவங்கள், பாட்டும் சேர்த்து!”

கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாலைச் செய்தியில் வந்தது. நான்கு விநாடி. வேகத்தைக் குறைத்து, வயலின் இசை சேர்த்து, என் மீசை, என் திறந்த வாய், என் கண்ணீர். நம்பிக்கைக்காக ஏங்கும் உலகம் என்று பின்னணியில் ஒரு குரல் தழுதழுத்தது. உலகம் ஐஸ் கட்டிக்காக ஏங்கிக்கொண்டிருந்தது என்பது அந்தக் குரலுக்குத் தெரியவில்லை.

வயிற்றுவலி என்று பொய் சொன்னவன் நாடு முழுக்கக் குதித்துக்கொண்டிருக்கிறான். வேலை போகும். வேலை போனால் விசா போகும். சோபாவைக் கப்பலில் ஏற்றுவதா, இங்கேயே விற்பதா என்பதுவரை யோசித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு மகத்தான திட்டம் உதித்தது. குளியலறைக்குப் போய், இருபத்தைந்து ஆண்டு மீசையை மழித்துவிட்டு வந்தேன்.

மனைவி என்னைப் பார்த்துவிட்டு, “மூஞ்சியில எதையோ மறந்துட்டு வந்த மாதிரி இருக்கு,” என்றாள்.

எங்கள் பிரிவில் இன்னொரு தமிழன் இருந்தான். திருநெல்வேலிப் பக்கம், முப்பத்திரண்டு வயது, ஒல்லி. இரண்டு வருட ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது; அதை நீட்டிக்கச் சொல்லி எங்கள் தலைவி அந்த வாரம் எழுதிக்கொடுத்தால்தான் அவனுக்கு ஜெர்மனி. அக்டோபரில் அவன் மனைவி வந்து சேர வேண்டும். போன வியாழனும் வெள்ளியும் அவனை லைப்சிக்கில் ஒரு தொழிற்சாலைக்குச் சோதனை செய்ய அனுப்பியிருந்தார்கள். அங்கே இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் சோதனை நடக்காமல் திரும்பியிருந்தான்.

திங்கட்கிழமை காலை சைக்கிள் கொட்டகையில் என்னைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். நம் ஊரில் மீசை வைத்தவன் திடீரென்று அதை எடுத்தால் ஒரே அர்த்தம்தான்.

“அண்ணாச்சி... அப்பாவா?”

தலையாட்டிவிட்டேன். பச்சைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்பா இறந்தது உண்மைதான், பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். என் பையை வாங்கிக்கொண்டான். இருவரும் மாடிக்குப் போனதும் பிரிவே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அவர்கள் பார்த்தது அவனை.

“பெர்லின் எப்படி இருந்தது?” என்று கேட்டான் ஒருவன், கம்ப்யூட்டர் திரையில் என் நான்கு விநாடியை ஓடவிட்டபடி.

திருநெல்வேலிக்காரன் வீட்டில் டிவி கிடையாது. ஒன்றும் புரியாமல் சிரித்தான். புரியாதபோது சிரித்து வைப்பது நம்மவர் பழக்கம். அங்கே அதற்குப் பெயர் ஒப்புதல் வாக்குமூலம். அவனுக்கு என்னைவிட இருபது கிலோ எடை குறைவு, முடி நாலு மடங்கு அதிகம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மீசை ஒன்றுதான். அன்று அந்த ஒன்றையும் முழுசாக அவன் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

“அது நானில்லை” என்று அவன் சொன்னபோது கண்ணடித்தார்கள். பத்து மணிக்குத் தலைவி அவனை அறைக்கு அழைத்தார். வெளியே வந்தவன் நேராக என் மேசைக்கு வந்தான்.

“லைப்சிக்ல இருந்து பெர்லின் ஒரு மணி நேரம்தானேன்னு கேக்காங்க, அண்ணாச்சி. மெஷின் ரிப்பேர்னு சொன்னா நம்ப மாட்டேங்காங்க. கம்பெனி காசுல கூத்துப் பார்க்கப் போனேன்னு நினைக்காங்க. வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுவாங்களாம்.”

“அந்த ஃபேக்டரியில கேக்கச் சொல்லேன்.”

“எங்கூட இருந்த ஆளு மூணு வாரம் லீவுல போயிட்டாருலா.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். “அது கெடக்கட்டும். நீங்க ஏன் இன்னைக்கு வந்தீங்க? அப்பா பேர் என்ன?”

சொன்னேன். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான். என் வேலையில் பாதியையும் எடுத்துக்கொண்டு போனான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் வீரமாக எதையும் செய்துவிடவில்லை. உண்மை தானாக வெளியே வரும் என்று காத்திருந்தேன். அதற்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது. டிவிக்காரர்கள் மட்டும் சலிக்காமல் என்னைக் குதிக்கவிட்டார்கள். வானிலைக்கு முன்னால் ஒரு முறை, கால்பந்துக்குப் பின்னால் ஒரு முறை.

புதன் மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“வேலை போச்சுன்னு ஊர்ல இருக்கிற அவன் பொண்டாட்டிக்கு யார் ஃபோன் பண்ணிச் சொல்றது? நீங்களா, குளவியா?” என்று கேட்டுவிட்டு டிவியை அணைத்தாள். அந்த வருடத்தில் அவளாக அதை அணைத்தது அன்றுதான்.

வியாழக்கிழமை காலை தலைவியின் அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கையை நீட்டினார்.

“உங்கள் தந்தையைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னார். மிகவும் வருந்துகிறேன். வயிறு சரியில்லை என்று ஏன் சொன்னீர்கள்? தந்தை இறந்தால் விடுமுறை கொடுக்க மாட்டேனா?”

“அவர் இறந்து பதினோரு வருடமாகிறது.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

“பெர்லினில் குதித்தது நான்தான். என் நண்பர் லைப்சிக்கை விட்டு நகரவில்லை.”

“இது எந்த வகை நகைச்சுவை?”

ஏழு ஆண்டுகளாக நான் சம்பாதித்து வைத்திருந்த பெயர் அன்று எனக்கு உதவவில்லை. நாட்டுக்காரனைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார். மனிதாபிமானம் பாராட்டத்தக்கது, ஆனால் படத்தில் இருப்பவருக்கு மீசை இருக்கிறதே என்றார். மூன்று நாளில் என் பழைய முகம் அவருக்கு மறந்துபோயிருந்தது. கழுத்திலிருந்து அலுவலக அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதில் பழைய நான், மீசையோடு. அவர் அந்த நான்கு விநாடியைத் திரையில் நிறுத்தி, அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“குளவி கொட்டிய இடம் இன்னும் வீங்கியிருக்கிறது. அக்குளைக் காட்டட்டுமா?”

“வேண்டாம்.”

அன்றும் அவர் சிரிக்கவில்லை. “அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களோடு இப்போது பேச எனக்கு விருப்பமில்லை,” என்றார். மறுநாள் என் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. எழுத்துமூலமான எச்சரிக்கை, இன்னொரு முறை என்றால் வேலை இல்லை. அதே நாளில் அவனுக்கு ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது.

வெள்ளி மாலை சைக்கிள் கொட்டகையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். தன்னடக்கமாக என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“மேடம் எல்லாம் சொன்னாங்க.”

“பயத்துல... தப்புப் பண்ணிட்டேன்டா.”

“திங்கக்கிழமையே சொல்லிருக்கலாம். வரவேண்டாம்னு எம்பொண்டாட்டிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா அழுதுட்டு கெடக்கா. எனக்கும்தான் பயம். நான் யாரையும் சாகடிக்கலையே.”

நான் குனிந்து என் சைக்கிள் சீட்டைத் துடைத்தேன்.

“எங்கம்மா உங்க அப்பா பேர்ல பூசைக்குக் குடுத்துட்டாங்க. இன்னைக்குக் காலையில மாதா கோயில்ல பேர் வாசிச்சிருக்காங்க. மூட்டுவலியோட முழங்கால்ல நின்னுருக்கா கெழவி, யாரு என்னன்னு தெரியாத மனுசனுக்கு.”

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

“பதினோரு வருஷம் லேட்டானாலும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்டா,” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் பூட்டைத் திறந்தான். “இனிமே எங்கிட்ட தமிழ்ல பேசாதீங்க,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

நவம்பரில் தேர்தல் முடிந்தது. மறுநாள் மத்தியானம் அலுவலக உணவகத்து டிவியில் அந்த ஆண்டின் காட்சிகளையெல்லாம் வரிசையாகப் போட்டார்கள். பலூன்கள், கண்ணீர், கொடிகள். நடுவில் நான். இந்த முறை அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் மீசையும் திரும்பி வந்திருந்தது. மேசையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். குதி, குதி, ஒரே ஒரு முறை.

குதித்தேன். கைகளைத் தூக்கி, வாயைத் திறந்து, முழுசாக. கைதட்டல் கூரையைத் தொட்டது. கோடியில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரன் பாதித் தட்டோடு எழுந்தான். எச்சில் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோகும் பட்டையில் அதை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.

இன்னொரு முறை என்றார்கள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குதித்தேன்.