குருத்துப்பூச்சிக்காக ஓர் அழுகை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நெல் வயலில் குருத்துப்பூச்சியை ஒழிப்பது எப்படி என்று ரேடியோவில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன்.

எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. குருத்துப்பூச்சியோடு முன்விரோதமும் இல்லை. பின்னே ஏன்?

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் என் பேச்சைக் கேட்காமல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மனைவி சரோஜாதான் எழுதுகிறாள். அவளைப் பாராட்டி ஏதாவது வந்தால் அது என் வாக்கியம் அல்ல.) கால் கொஞ்சம் தேறிவிட்டது. கையும் ஏதோ... ஆனால் மனசு? விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. விடிந்தால், மறுபடி வந்துவிட்டதோ என்று பயம். கண் விழித்ததும், "வாய் கோணிக்கினு கீதா பாரு" என்பேன்.

"அது கல்யாணத்தப்பவே கோணல்தான்" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

டாக்டரிடம் சொன்னேன். பிரஷர் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். "தைரியமா இருங்க" என்றார். அது எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்று சீட்டில் எழுதவில்லை.

குருத்துப்பூச்சிக்கு வருவோம். நான் அழுதபோது எதிரே ரைஸ்மில் வரதனும், சாலவாக்கத்திலிருந்து வந்திருந்த அவன் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் உத்திரமேரூரில் கல்யாணமோ காதுகுத்தோ, யாரையாவது நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தே பேர் வாங்கியவன் நான். விடுவார்களா?

"இன்னா ஆக்டு குடுக்கறாரு பாருய்யா!" வரதன் தொடையைத் தட்டினான். "அண்ணே, அந்த மூக்க உறிஞ்சறது கீதே... அத்த இன்னொரு தபா!"

நிறுத்தப் பார்த்தேன். அழுகை பெரிதானது. அவர்கள் சிரிப்பும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

சரோஜா ரேடியோவை அணைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாங்க... நெசமாவே அழுவுறீங்களா?"

எந்தக் கேள்விக்கும் கைவசம் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். தேடினேன். இல்லை.

"ஆமா. முடியல சரோஜா. ரொம்ப அசதியா கீது."

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் – அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல.

மறுநாள் காலை அழுகை மறுபடி வந்தது. இந்த முறை ரேடியோகூட இல்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் வரதனின் சைக்கிள் மணி!

சரோஜா போய்க் கதவை மறித்து நின்றாள். குளிக்கிறார், சாப்பிடுகிறார் என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்:

"அவரு உள்ள அழுதுக்கினு கீறாரு. இப்ப பாக்க முடியாது."

இதோ சிரிக்கப்போகிறான் என்று காதைப் பொத்தப் போனேன் – ஒரு கைதான் மேலே வந்தது.

"நெசமாவா அண்ணி? நேத்து நான் வேற..." வரதன் குரல் இறங்கிவிட்டது. "சரி, அழுவட்டும். நான் இங்கயே குந்திக்கினு கீறேன். மெதுவா முடிச்சிக்கினு வரட்டும்."

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமே முடித்துக்கொண்டேன். வந்த ஆளை எவ்வளவு நேரம்தான் காக்கவைப்பது?