அஞ்சலையாகப் பேசிய தனலட்சுமி

சென்ற சனிக்கிழமை விருத்தாசலத்தில், என் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த சொற்பொழிவு ஒன்றை நான் ஆற்றவில்லை.

முன்னுரை தயார். கைதட்டலுக்காக எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தயார். வேப்பூரில் பஸ் மாறக் காத்திருந்தபோது முடிவுரைக்கும் மெருகேற்றிவிட்டேன். ஆனால்... முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த செய்தியை முன்பே இங்கு எழுதியிருக்கிறேன். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு, குளிர்சாதன சுகத்தில் வாழ்கிறது. அதற்குப் புரோகிராம் எழுதப் பயிலும் மாணவர்களுக்குச் சமூகம், சட்டம், அறம் ஆகியவற்றைப் பற்றியும் வாரம் ஒரு வகுப்பு வேண்டும் என்று துறைத் தலைவர் தீர்மானித்தார். யார் எடுப்பது? கணிதம் படித்தவன், மேடைகளில் கோப்பைகளை வென்றவன் — என்னை விட்டால் வேறு யார்?

முதல் சில வாரங்கள் முழங்கினேன். இயந்திரத்துக்காக மனிதனா, மனிதனுக்காக இயந்திரமா என்று கேட்டு நான் நிறுத்தியபோது மேசைகள் அதிர்ந்தன. பிறகு எல்லாரும் எழுந்துபோய், நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தார்கள். நல்ல பேச்சுக்கு இப்படியொரு குணம் உண்டு. கேட்ட மாத்திரத்திலேயே கடமை முடிந்துவிட்ட நிறைவைத் தந்துவிடும்!

ஆகவே, எங்கள் பேச்சுப் பயிற்சியின் வழக்கம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். எதிரணியின் கட்சியை முதலில் நீ பேச வேண்டும். எதிராளி 'சரிதான்' என்று தலையசைத்த பிறகே உன் கட்சி. இங்கே சற்று மாற்றினேன். உங்கள் புரோகிராம் யார் பெயரை அச்சிடுகிறதோ, அவராகவே எழுந்து நின்று பேசுங்கள். மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் அவராகவே பதில் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை தனலட்சுமியின் முறை. கம்மாபுரத்துப் பெண். அவளும் பாஸ்கர் என்ற மாணவனும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றுக்காகப் புரோகிராம் எழுதியிருந்தார்கள். அது என் சொந்த ஊர். முதலாளிக்கு அவர்களை அறிமுகம் செய்தவனும் நானே. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த, இன்னும் சுடாத பச்சைச் சாமான்களைப் பெண்கள் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்கிப்போவார்கள். யார் கையில் எவ்வளவு உடைகிறது? இதுதான் கணக்கு. விடையில் முதல் பெயர், அஞ்சலை.

ஆர்டர் குறைந்திருந்த நேரம். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அஞ்சலையிடம் முதலாளி சொல்லிவிட்டார். மெஷினே சொல்லிவிட்டதாம். மெஷினை எதிர்த்து வாதாட அந்தப் பெண் எங்கே போவாள்?

தனலட்சுமி அஞ்சலையாக நின்றாள். பாஸ்கர்தான் முதலில் வம்புக்கு இழுத்தான்.

"ஏன் அஞ்சலையக்கா, இப்டி ஒடைக்கிறீங்களே... கையில எண்ணெய் தடவிக்கிட்டு வரீங்களா?"

வகுப்பு சிரித்தது. தனலட்சுமியும் சிரித்துக்கொண்டே, "நான் தூக்குறது என்னா சாமான் தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். அப்படியே நின்றுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், அவங்க என்ன சாமான் தூக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது."

சிரிப்பு அடங்கியது. பாஸ்கரின் முகம்தான் முதலில் மாறியது. பட்டறை தந்த விவரங்களில் எந்தச் சாமான் என்பதும் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு விவரம் கொடுக்கும் பஞ்ச் கார்டில் இடம் போதவில்லை என்று, துளையிடும்போது இவன் அதை விட்டுவிட்டிருக்கிறான். கனத்த ஃபியூஸ் கட்டையும், கைகால் நீட்டி நிற்கும் மெல்லிய பொம்மையும் எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றாகிவிட்டன. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாங்கள் சொல்லாமல் விட்டதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே மூவரும் புறப்பட்டோம். சட்டப்படி யார் பொறுப்பு — எழுதியவளா, துளையிட்டவனா, நம்பியவரா, அறிமுகம் செய்த நானா? வழியெல்லாம் வாதிட்டோம். முதலாளி பிடிவாதக்காரர் என்று எனக்குத் தெரியும். அவருக்காகத்தான் அந்த மாபெரும் சொற்பொழிவு!

பட்டறைக்குள் நுழைந்தோம். "வா தம்பி" என்றார் முதலாளி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் தனலட்சுமி முந்திக்கொண்டாள்.

"பொம்ம தூக்குறவங்களையும் ஃபியூஸ் கட்ட தூக்குறவங்களையும் ஒண்ணா எண்ணிட்டோங்க. தப்பு எங்களுது. சரியாப் போட்டுத் தரோம், அதுவரைக்கும் யாரையும் நிறுத்தாதீங்க."

முதலாளி வாசல் பக்கம் பார்த்தார். வெயிலில் அஞ்சலை பலகையுடன் போய்க்கொண்டிருந்தாள். பலகை நிறையப் பொம்மைகள்.

"அட... கை பதனமா இருக்குதுன்னு அவளைப் பொம்மைக்குப் போட்டதே நான்தானே?" என்றார், தமக்குத்தாமே. பிறகு குரல் கொடுத்தார். "ஏ அஞ்சல, திங்கக்கெழம எப்பவும்போல வந்துடு."

அவ்வளவுதான்! பாஸ்கர் விட்ட பெருமூச்சில் பக்கத்துப் பலகையிலிருந்த பொம்மைகள் விழாதது அதிசயம்.

பலகையை இறக்கிவிட்டு அஞ்சலை அருகில் வந்தாள். வகுப்பில் தன்னைப்போல நின்று பேசியதைத் தனலட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அஞ்சலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாட்டமா பேசின? நானு நின்னு பேசிக்கிட்டு இருந்தா இந்தப் பலகையை யாரு தூக்குறது?" என்று சிரித்துவிட்டு, அடுத்த பலகைக்குப் போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பாஸ்கர் மெல்லக் கேட்டான், "சார், நீங்க ஒண்ணுமே பேசலியே?"

இல்லை. பேச வேண்டியிருக்கவில்லை. தயாரித்த பேச்சை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது இத்தனை லேசாக இருக்கும் என்று எந்த மேடையும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை!