கல்யாணம் முடியட்டும், மேடம்

தண்ணீரில் மூழ்கித் தேடும் போலீஸ் டைவரைப் பற்றிய ஒரு த்ரில்லர் நாவலை ஜவ்வாது மலைக்கு எடுத்துப் போனது தப்பு. அதை டீக்கடை பெஞ்சில் அட்டை தெரிய வைத்துவிட்டுக் கை கழுவப் போனது அதைவிடப் பெரிய தப்பு.

அட்டையில் ஒரு பெண். முகத்தில் டைவிங் கண்ணாடி, முதுகில் சிலிண்டர், பின்னால் போலீஸ் ஜீப்.

நான் போயிருந்தது சர்வே வேலைக்கு. மலைமேல் உள்ள ஓர் ஏரியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். சோனார் கருவியைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, ஏர் ஓட்டுவது போலப் படகைக் கோடு கோடாக ஓட்டினால், ஏரியின் தரை லேப்டாப்பில் படமாக வரும். இதில் நான் கால்கூட நனைப்பதில்லை. எனக்கு நீச்சலும் தெரியாது.

ஆனால் படகு, ஒயர், லேப்டாப், ஒரு பெண், அந்த அட்டை... மதியத்துக்குள் நான் போலீஸ் டைவர் ஆகிவிட்டேன்.

எங்கள் படகு ஓட்டுநர் ரஃபீக். வாணியம்பாடிக்காரர். அவரைத்தான் கேட்டேன்.

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். ‘மேடம் போலீஸா’ன்னு கேட்டாங்கோ. சிரிச்சேன்."

"இல்லன்னு சொல்றதுதானே?"

"நீங்க அத சொல்லச் சொல்லலியே!"

நாவலில் பாதி தாண்டியிருந்தேன். கதாநாயகி ஏரி ஏரியாக இறங்கி, எல்லோரும் மறந்துபோன பழைய கொலைகளைத் துப்பறிகிறாள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் என் படிப்பு சும்மா விடுமா? ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். ஒன்று, தண்ணீர் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நம் ஏரிகளில் கையை நீட்டினால் விரல் தெரியாது. இரண்டு, எலும்புக்கூடுகள் வாட்சைக் கழற்றுவதே இல்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது... அதை நான் குறிக்கவில்லை. அப்போது அது தப்பாகவே தோன்றவில்லை.

அது இதுதான்: அவள் இறங்கும் ஒவ்வொரு ஏரியிலும் ஊரே கரையில் காத்து நிற்கிறது — உண்மை எப்போது மேலே வரும் என்று.

எங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருபவர் காசியம்மா. சாமைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. அன்று தூக்குச் சட்டியை வைத்தவர் போகவில்லை. ரஃபீக் டீசல் எடுக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"மேடம், எங்க வூட்டுக்காரரத் தேடத்தான் வந்தீங்களா?"

தட்டை ஓரமாக வைத்தேன். அவரே சொன்னார்.

பல வருஷம் முன்னால் ஒரு மழை நாளில், அவர் கணவர் புளி விற்கத் திருப்பத்தூர் சந்தைக்கு மொபெட்டில் போனார். திரும்பவில்லை. சாயங்காலம் ஏரிக்கரை மேல் தள்ளாடியபடி வண்டி ஓட்டிப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஏரியில் இறங்கித் தேடினார்கள். சேறுதான் கிடைத்தது. போலீசிடம் இன்னும் ‘காணவில்லை’ என்றுதான் இருக்கிறது.

"இல்லக்கா, நான் போலீஸ் இல்ல" என்று ஆரம்பித்து சோனாரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. ஆனா அடியில கீறது தெரியும்தானே?"

"தெரியலாம்."

"அப்ப ஒரு ஒதவி பண்ணுங்க. அவரு உள்ள இருந்தா, இப்ப கண்டுபுடிக்காதீங்க."

நான் சரியாகத்தான் கேட்டேனா?

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகீறன். படவேட்டுப் பக்கம் மாப்ள. இப்ப அவரு காணாப்போனவரு. நான் பொட்டோட மணையாண்ட நின்னு பொண்ணக் குடுப்பேன். அவரு செத்துட்டாருன்னு ஆயிட்டா? என் கொழுந்தன் ஒருத்தன் கீறான், அதுக்குத்தான் காத்துனு கீறான். ‘நீ பின்னால போய் ஒக்காரு அண்ணி, நானும் என் பொண்டாட்டியும் நிக்கிறோம்’னுவான். தனியா வளத்தவ நானு. நிக்கிறது அவனா?"

"உங்களுக்கு... தெரிஞ்சிக்க வேணாமா அக்கா?"

"வேணும்ங்க. உள்ள இருந்தா, பாவம்னு அழுவேன். எங்கியாச்சும் ஓடிப்போயிருந்தா வெட்டுவேன். இன்னாவா இருந்தாலும் கல்யாணம் முடிஞ்சி பண்ணிக்கிறேன்."

காலி சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கரையோரக் கோடுகளை ஓட்டினோம். திரையில் வழக்கமான மண், பாறை, மண். பிறகு கரையின் திருப்பத்துக்குக் கீழே நீளமாக ஒன்று. அதன் இரண்டு முனையிலும் வட்டம்.

ரஃபீக் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். காசியம்மாவின் கணவர் கதையும், வீட்டில் கல்யாணம் என்பதும் அவருக்கும் தெரிந்திருந்தது. டீக்கடைக்குத் தெரியாதது எது?

"மரக்கட்டைன்னு போட்டுடலாமா மேடம்?"

"மரக்கட்டைக்கு ஹேண்டில்பார் இருக்காது ரஃபீக்."

அவர் என்ஜினை அணைத்தார்.

பொய் எழுத மாட்டேன். ஏரியின் அடியில் எது இருந்தாலும் அறிக்கையில் வர வேண்டும். அதைப் படிப்பவர்கள் போலீசுக்குச் சொல்வார்கள், நிஜ டைவர்கள் இறங்குவார்கள். காசியம்மாவின் கணவர் எங்கே என்பதற்கு அப்புறம் ஒரு பதில் கிடைக்கலாம். அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை.

மதியம் காசியம்மா வந்ததும் உள்ளதைச் சொன்னேன். இரண்டு சக்கரத்தோடு ஏதோ கிடக்கிறது. யாருடையது என்று என்னால் சொல்ல முடியாது. அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

அவர் ஏரியைப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தட்டை வைத்துச் சோறு போட்டார்.

"எழுதித்தான் ஆவணும்... அது உங்க வேல. எழுத எவ்ளோ நாளாவும் மேடம்?"

சோனார் படத்தைத் திருத்த வேண்டும், ஆழங்களைச் சரிபார்க்க வேண்டும், வரைபடம் போட வேண்டும். நான் இதை வேகமாக முடிப்பவள் என்று ஆபீஸில் பெயர்.

"கல்யாணம் என்னைக்குக்கா?" என்று கேட்டேன்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெரிய குங்குமப் பொட்டோடு மணமேடையில் நின்று, பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார் காசியம்மா. கொழுந்தன் பந்தியில் சாம்பார் வாளியோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

அறிக்கை அதற்கடுத்த திங்கட்கிழமை போனது. ஒவ்வொரு ஆழத்தையும் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன். இவ்வளவு நிதானமான அறிக்கையை இதுவரை நான் எழுதியதில்லை.