பீடி இழுக்காத கொத்தனார்

எண்பதுகளின் தொடக்கத்தில், காவலூர் வானாய்வகத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் காற்றுத் துவாரங்களைச் செய்தித்தாள் திணித்து அடைத்தவன் நான்தான். குளிருக்கு என்று மனைவியிடம் சொன்னேன், உண்மையில் பாம்புக்கு. மூன்றாம் வாரம் விறகடுப்புப் புகையில் மகளுக்கு இளைப்பு கண்டது. எனக்கும் மூச்சு முட்டுவதுபோல் இருக்க, உயில் எழுதலாமா என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எழுதிவைக்க ஒரு சைக்கிளைத் தவிர எதுவும் இல்லை.

மனைவி ஆள் அனுப்ப, பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். ஒல்லி உடம்பு, காதில் பீடி. அதைப் பற்றவைத்தார், வாயில் வைக்கவில்லை. அறை அறையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். புகை நகராமல் நின்ற இடங்களில் சுவரில் கரிக்கோடு போட்டார்.

"இன்னா சார், எங்க வூட்ல பொகை கூரை வழியா தானா போய்டும். நீங்க மேல காங்கிரீட் தளத்தையும் போட்டு, இருக்குற ஓட்டையையும் அடைச்சிட்டீங்களே!"

அடுப்புக்கு மேலே ஒன்றும் எதிர்ச் சுவரின் அடியில் ஒன்றுமாகத் துளை போட்டார். நான் பின்னாலேயே அலைந்தேன்.

"கீழ் ஓட்டையில பாம்பு வந்தா?"

"மேல் ஓட்டையில போய்டும்ங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டிலும் கம்பி வலை அடித்தார்.

சாயங்காலம் மகளுக்கு இளைப்பு தணிந்தது. "இப்பவாவது ஒரு இழுப்பு இழுங்க" என்றேன்.

"எனக்கும் இளைப்புங்க சார்" என்று அணைந்துபோன பீடியைக் காதில் செருகிக்கொண்டு போனார்.

நாள் முழுக்க எங்கள் புகைக்குள் அவர் நின்றிருக்கிறார். நான் என் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.